கண்ணேறு தின்ற கல்

மழை இரண்டே நாள் பெய்துவிட்டு, வந்த வேலை முடிந்ததுபோல் போய்விட்ட வருஷத்தில், ஏழுகுளம் தவசிலிங்கம் தன் வீட்டு முன்னறையில் ஒரு கடலை வாங்கி வைத்தார். ஊருக்குப் பேர்தான் ஏழுகுளம். ஆறு குளத்தில் கருவேல மரம் நின்றது, ஏழாவது குளத்தில் பஸ் ஸ்டாண்டு நின்றது. அப்படிப்பட்ட ஊரில், குடிதண்ணீருக்கே நாலு நாளைக்கு ஒருமுறை குடம் வைத்து வரிசை நிற்கிற தெருவில், ஒரு மனிதர் கேன் கேனாகத் தண்ணீர் வாங்கி, அதில் மதுரையிலிருந்து மூட்டையில் வந்த உப்பைக் கொட்டிக் கலக்கி, கண்ணாடித் தொட்டியில் ஊற்றி, நீல விளக்குப் போட்டு, அலை அடிக்க மோட்டார் வைத்து, அதற்குள் ஆறு கல்லை உட்காரவைத்து, அந்தக் கல்லுக்குச் சொட்டுக்குழாயால் சோறு ஊட்டுகிறார் என்றால் ஊர் என்ன சொல்லும்? ஊர் ஒன்றும் சொல்லவில்லை. "தவசிலிங்கத்துக்கு அருஞ்சுனை மேல கோபம்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தது. ஊருக்கு அந்தக் காரணம் போதும்.

அருஞ்சுனை வேறு யாருமில்லை. தவசிலிங்கத்தின் மனைவி ஞானவடிவுக்குக் கூடப்பிறந்த அண்ணன். இரண்டு தெரு தள்ளி வீடும் இரும்புக்கடையும். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் அவர் புதுவீடு கட்டிப் பால் காய்ச்சியபோது, தவசிலிங்கம் மதுரை வரைக்கும் போய், மணிக்கொரு தரம் குயில் கூவுகிற சுவர்க் கடிகாரம் ஒன்றை வாங்கி, அடிபடாமல் மடியில் வைத்துப் பஸ்ஸில் கொண்டுவந்து கொடுத்தார். அருஞ்சுனை அதை வாங்கினார், சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார், நேரே கொண்டுபோய் ஆட்டுக்கொட்டத்தில் மாட்டினார். "ஆட்டுக்கும் நேரங்காலம் தெரியட்டும் மாப்ளே" என்று சொல்லிச் சிரித்தார். பந்தியில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். பாயசம் ஊற்றிக்கொண்டு வந்தவன்கூட வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். யார் யார் சிரித்தார்கள் என்று தவசிலிங்கத்துக்குப் பேர் பேராகத் தெரியும். அதில் பதினோரு பேர் செத்துவிட்டார்கள். அத்தனை பேர் இழவுக்கும் போனார், ஒருவர் வீட்டிலும் தண்ணீர் குடிக்கவில்லை.

மறதி மனிதனுக்கு நல்லது என்று சொல்கிறவர்களை உற்றுப் பார்த்தால் தெரியும், அவர்கள் எல்லாம் அடுத்தவன் கடிகாரத்தை ஆட்டுக்கொட்டத்தில் மாட்டியவர்களாக இருப்பார்கள்.

அன்றைக்கே தவசிலிங்கம் ஒரு முடிவு செய்துகொண்டார். தன்னிடம் இருக்கிற ஏதோ ஒன்றைப் பார்த்து அருஞ்சுனை வயிறெரிய வேண்டும், அந்த முகம் சுண்டிப்போவதைத் தான் கண்ணால் பார்க்க வேண்டும், பார்த்துவிட்டால் அப்புறம் செத்தாலும் சரி. தவசிலிங்கம் படித்தது மூன்றாம் வகுப்பு; முப்பத்தைந்து வருஷம் சாயப்பட்டறையில் நின்றவர். அந்தச் சம்பாத்தியத்தில் தெருவிலேயே முதல் மாடி கட்டினார். கலர் டி.வி. வாங்கினார். ஞானவடிவைக் காசிக்குக் கூட்டிப்போய் வந்தார். ஒவ்வொன்றுக்கும் அருஞ்சுனை வந்தார், நாற்காலியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டார், "நல்லா இருக்கு மாப்ளே" என்றார், போய்விட்டார். அந்த முகத்தில் ஒரு ரோமம் அசையவில்லை.

கடைசியில் அது அசைந்த இடம் மதுரையில் ஒரு கண் ஆஸ்பத்திரி. அருஞ்சுனைக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள். துணைக்குப் போக வேண்டிய முறை தவசிலிங்கத்துக்கு. கோபம் வேறு, முறை வேறு, ஆகவே போனார். கட்டு அவிழ்த்த அன்று, வெளியே ஆட்கள் காத்திருக்கிற கூடத்தில் பவளத் தொட்டி ஒன்று இருந்ததை அருஞ்சுனை புதுக்கண்ணால் பார்த்தார். வாயைத் திறந்துகொண்டு நின்றார். மருந்துச் சீட்டு வாங்கிக்கொள்ள நர்ஸம்மா மூன்று தரம் பேர் சொல்லிக் கூப்பிட்டும் அவர் காதில் விழவில்லை.

"இது நம்ம வீட்ல இருந்தா எப்படி இருக்கும் மாப்ளே" என்றார்.

இருபத்தாறு வருஷத்தில் அந்த மனிதர் "இருந்தா" என்று சொல்லி தவசிலிங்கம் கேட்டது அதுதான் முதல் தடவை. வாசல் காவல்காரரிடம் தொட்டி வாங்கிய கடை எது என்று அந்த நிமிஷமே விசாரித்துவிட்டார்.

கடைக்காரர் ஹபீப் நல்ல மாதிரி. "இது கல்லு இல்லைங்க அய்யா, பிராணி. உடம்பெல்லாம் வாய்" என்று சொல்லிக் கொடுத்தார். கடலில் உடைத்ததல்ல, பண்ணையில் வெட்டி வளர்த்தது என்று சீட்டும் கொடுத்தார். காலையில் பாசி கரைத்த பச்சை நிறத் தண்ணீர் ஒரு மூடி. சாயங்காலம் விளக்கு மங்குகிற நேரத்தில், கல்லெல்லாம் விரல் விரலாக வெளியே நீட்டும். அப்போது கண்ணுக்குத் தெரியாத இறால் குஞ்சைக் கரைத்துச் சொட்டுக்குழாயால் ஒவ்வொரு வாய்க்கும் கொடுக்க வேண்டும். தவசிலிங்கம் அப்படியே கொடுத்தார். மூளை மாதிரி ஒரு கல், விரல் மாதிரி ஒன்று, காளான் மாதிரி ஒன்று, பூக்கோசு மாதிரி ஒன்று, பேர் தெரியாதது இரண்டு. ஆறும் நன்றாகத் தின்றன. ஆனால் ஆறும் காய்ந்த புகையிலை நிறத்தில் இருந்தன.

"தீனி கூடிப்போச்சு, குறைங்க" என்றார் ஹபீப் போனில். குறைத்தார், கல் சாம்பல் நிறம் ஆனது. "குறைஞ்சுபோச்சு, கூட்டுங்க" என்றார். கூட்டினார், மறுபடியும் புகையிலை.

"வாடாமல்லிக் கலரை நூலுக்குள்ள நிக்க வச்சவன் நான்" என்று தவசிலிங்கம் தொட்டியைப் பார்த்துப் புலம்பினார். "ஆறு கல்லு எனக்குச் சாயம் பிடிக்க மாட்டேங்குது."

கல் நிறம் ஏறுகிற வரைக்கும் அருஞ்சுனையைக் கூப்பிடுவதில்லை என்று இருந்தார். அருஞ்சுனையும் கூப்பிடாத இடத்துக்கு வருகிறவர் இல்லை. அதற்குள் வேறு எவன் கண்ணாவது பட்டுத் தொலைக்கப்போகிறதே என்று, தொட்டிக்கு நேர் மேலே நாக்கை நீட்டிய திருஷ்டிப் பொம்மை ஒன்றை மாட்டினார். பக்கத்தில் எலுமிச்சையும் மிளகாயும் கோத்துத் தொங்கவிட்டார். கறுப்புக் கயிற்றில் ஒரு கட்டி படிகாரமும் கட்டினார். பட்டறையில் சாயம் பிடிக்கவும் படிகாரம்தான், வீட்டில் கண் பிடிக்காமல் இருக்கவும் படிகாரம்தான். அவருக்கு அதன்மேல் நம்பிக்கை ஜாஸ்தி.

ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை ஞானவடிவு வீடு கழுவுவதற்காகப் பொம்மை, மிளகாய், படிகாரம் எல்லாவற்றையும் கழற்றிப் பத்திரமாக ஒரு மூலையில் வைத்தாள். அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு ஜெயசோதி இட்லிச்சட்டி இரவல் கேட்டு வந்தவள், கதவில் சாய்ந்து நின்று, தொட்டியை ஒரு பார்வை பார்த்தாள், ஒரு பெருமூச்சு விட்டாள்.

"ம்... நீங்க மகராசிக்கா. ஆசையா கடலையே வாங்கி வச்சிருக்காரு அண்ணாச்சி. எங்க வீட்லயும் ஒருத்தர் இருக்காரே, ஆசைப்பட்டுக் கேட்டதுக்கு ஒரு கோழிக்குஞ்சு வாங்கித் தந்ததில்ல."

அவள் சொல்லச் சொல்ல, அவள் பார்த்துக்கொண்டிருந்த விரல் கல் நுனியிலிருந்து கீழே வரைக்கும் கிளிப்பச்சை ஆயிற்று. அடுத்து அவள் பார்வை காளான்மேல் போயிற்று; அது ராமர் பச்சை ஆயிற்று. ஜெயசோதி ஒரு ஏப்பம் விட்டாள். "என்னமோ வயிறு லேசாயிருச்சுக்கா" என்றாள். இட்லிச்சட்டியை மறந்துவிட்டுப் பாடிக்கொண்டே தெருவைக் கடந்து போனாள்.

தவசிலிங்கம் கல்லைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். ஞானவடிவு, பால் பொங்கிவிட்டது என்று சொல்கிற மாதிரி, "கண்ணு பட்டிருக்கு" என்றாள். "கல்லடி பட்டாலும் கண்ணடி படக் கூடாதும்பாங்க. கல்லு மேலயே கண்ணடி பட்டா என்ன ஆகும்னு யாரும் சொல்லல. இதுக்குத் தீனியே அதான் போலருக்கு. நீங்க மூணு மாசமா சோத்துப் பானைக்கு மேல பொம்மையக் காவல் போட்டிருக்கீங்க."

பொம்மை பரண்மேல் ஏறியது.

மறுநாள் தெரு வந்தது, ஆவணி பிறக்கிறதற்குள் ஊர் வந்தது. கல் எப்படி வயிற்றெரிச்சலைத் தின்னும் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் வேறு: செருப்பை வெளியே விட வேண்டுமா, தீட்டுக்காரர்கள் பார்க்கலாமா, சாப்பிட்டுவிட்டு வரலாமா வெறும் வயிற்றோடு வர வேண்டுமா. வெறும் வயிறுதான் நல்லது, எரிச்சல் கலப்படம் இல்லாமல் இருக்கும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். எந்த எரிச்சலுக்கு எந்த நிறம் என்பதைச் சாயக்காரரான தவசிலிங்கம் ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிட்டார். அடுத்தவன் வீட்டைப் பார்த்து எரிந்தால் அரக்கு, அடுத்தவள் தலைமுடியைப் பார்த்து எரிந்தால் வாடாமல்லி, அடுத்த பிள்ளையின் மார்க்குக்கு ஆனந்தா நீலம், பக்கத்து மேஜைக்காரனின் பதவி உயர்வுக்கு மாம்பழ மஞ்சள். சம்பந்தி வீட்டுமேல் எரிகிற எரிச்சல் மட்டும் எந்த நிறமும் தராமல் கழுநீர்போலக் கலங்கும். அப்படி வருகிறவர்களை, "கொஞ்சம் தெளிஞ்சதும் வாங்க" என்று ஞானவடிவு வாசலிலேயே திருப்பி அனுப்பினாள்.

தீனி கூடினால் கல் புகையிலையாகிவிடுமே என்று ஒரு நேரத்தில் ஐந்து பேர்தான் என்று ஆயிற்று. உறவின்முறைச் சங்கத்துச் செயலாளர் தங்கப்பழம் தன் கையெழுத்திலேயே ஒரு பலகை எழுதி மாட்டினார்: "வயிறெரிந்து பார்க்கவும். தொடக் கூடாது." பிள்ளை பெற்ற வீட்டுக்காரர்கள், குழந்தை பார்க்க வந்த சொந்தக்காரர்களை முதலில் தவசிலிங்கம் வீட்டுக்கு அனுப்பி, கண்ணைக் காலி பண்ணிக்கொண்டு வரச் சொன்னார்கள். புதுமனை புகுகிறவர்களும் அப்படியே. திருஷ்டிப் பூசணி விற்கிற வியாபாரி தன் பிழைப்பு போயிற்றே என்று கத்திக்கொண்டு வந்தவர், கல்லை முறைத்துப் பார்த்தார், பூக்கோசு கல் ஒரு நொடியில் செம்மஞ்சள் ஆயிற்று. "பரவால்ல, பூசணியக் கூட்டு வச்சுச் சாப்பிடலாம்" என்று சிரித்துக்கொண்டே போனார்.

இதெல்லாம் நல்லதற்குத்தான் என்று ஊர் நினைத்தது. ஆனால் வயிறெரியாத ஊர் எப்படி இருக்கும் என்று ஏழுகுளத்துக்குப் பழக்கமில்லை. இரண்டாம் மாடி கட்டிக்கொண்டிருந்தவர்கள் எதிர்வீட்டில் மாடி இல்லை என்று தெரிந்ததும் கம்பியோடு நிறுத்திவிட்டார்கள். ஜவுளிக்கடையில் கண்ணாடிக்குள் நிற்கிற பொம்மை கட்டியிருந்த சேலையை யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. வடக்குத்தெருவுக்கும் தெற்குத்தெருவுக்கும் நடந்த வாலிபால் போட்டியில், "நீங்க ஜெயிங்க", "இல்ல நீங்க ஜெயிங்க" என்று பந்தை வலைக்கு இந்தப்பக்கமே உருட்டி விட்டார்கள். உறவின்முறைத் தேர்தலில் நிற்க ஆள் இல்லாமல் தங்கப்பழமே மறுபடியும் செயலாளர் ஆனார். அதைக் குறைசொல்லவும் ஆள் இல்லாததால் அவருக்கு அதில் ருசி இல்லை. டீக்கடைப் பெஞ்சில் எட்டுப் பேர் உட்கார்ந்து பேச விஷயம் இல்லாமல் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தவசிலிங்கம் ஒன்றையும் கவனிக்கவில்லை. ஐந்து கல்லும் கல்யாண வீட்டு ஜமுக்காளம்போல் ஜொலித்தன. மூளை கல் ஒன்று மட்டும் லேசாக வெளிறி இருந்தது. அதை அவர் வேண்டுமென்றே யார் பார்வையும் படாமல் துணி போட்டு வைத்திருந்தார். அது அருஞ்சுனைக்கு.

புரட்டாசி முதல் வெள்ளி சொல்லி அனுப்பினார். தொட்டிக்கு எதிரே அருஞ்சுனைக்கு ஒரு நாற்காலி. தொட்டிக்குப் பக்கவாட்டில் தனக்கு ஒரு நாற்காலி, அதில் உட்கார்ந்தால் கல் தெரியாது, முகம் தெரியும். அருஞ்சுனை ஜரிகைத் துண்டு போட்டு வந்தார், உட்கார்ந்தார், வெற்றிலையை எடுத்தார். தவசிலிங்கம் துணியை இழுத்தார்.

வெற்றிலை பாதி மடிப்பில் நின்றது. அருஞ்சுனையின் மூக்குக்குக் கீழே ஒரு சதை துடித்தது. கன்னம் உள்ளே போயிற்று. கண் சுருங்கியது. வருகிறது, வருகிறது, இருபத்தாறு வருஷமாக வராதது வருகிறது என்று தவசிலிங்கம் நாற்காலி நுனிக்கு வந்தார். பொங்கி வருகிற பாலில் கை நீரைத் தெளித்தால் எப்படி அடங்குமோ அப்படி அது அடங்கிவிட்டது. வாசலில் நின்றவர்கள் எல்லாம் "அடேயப்பா" என்றார்கள். மூளை கல் தாலியில் கோக்கிற அசல் பவளம்போல் சிவந்து நின்றது. அருஞ்சுனையின் முகம், குளிப்பாட்டித் துடைத்த பிள்ளை முகம்போல் இருந்தது.

"மாப்ளே, நீ நல்லா இருக்கணும்யா" என்று எழுந்து வந்து தவசிலிங்கத்தின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "உனக்கு இது வாய்ச்சதுல எனக்குத்தான்யா சந்தோசம்."

மெய்யாகவே சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை. அவருடைய எரிச்சல் முகத்துக்கு ஏறுவதற்குள் கல் தின்றுவிட்டது.

அதற்கப்புறம் அருஞ்சுனை தினமும் வந்தார். சொட்டுக்குழாய் பிடிக்கக் கற்றுக்கொண்டார். உப்பு கலக்க ஒத்தாசை செய்தார். ஒருநாள் கலக்கிக்கொண்டே சொன்னார்: "அந்தக் கடிகாரத்த ஆட்டுக்கொட்டத்துல மாட்டினேன்ல, அது தப்புதான் மாப்ளே. இப்பவே போய்க் கழட்டி நடுவீட்டுல மாட்டிடுறேன்."

"வேண்டாம்!" என்று தவசிலிங்கம் போட்ட சத்தத்தில் மோட்டாரே ஒரு கணம் நின்றது. "அது அங்கயே இருக்கட்டும் மச்சான். ஒண்ணும் தொட வேண்டாம்."

கார்த்திகையில் கல் வெளுக்க ஆரம்பித்தது. முதலில் ஓரம், அப்புறம் மேடு. ஊரில் இருந்த எரிச்சல் அவ்வளவும் தீர்ந்துபோயிருந்தது. ஆட்கள் வந்து பாசமாகப் பார்த்தார்கள். பாசத்தில் ஒரு சொட்டு நிறம் இல்லை. பக்கத்து ஊர் கோட்டைப்பட்டிக்காரர்களைத் தங்கப்பழம் பஸ் வைத்து வரவழைத்தார். குளத்தில் தண்ணீர் இருக்கிற எங்களுக்கு இல்லாத கடல் இந்தப் பொட்டல் காட்டுப் பயல்களுக்கா என்று அவர்கள் எரிந்த எரிச்சலில் பத்து நாள் ஓடியது. பதினொன்றாம் நாள் கோட்டைப்பட்டியும் சாந்தமாகிவிட்டது.

ஹபீப் போனில் உதட்டைப் பிதுக்கினது இங்கே கேட்டது. "பட்டினிங்க அய்யா. இப்படியே விட்டா உள்ள இருக்கிறதை எல்லாம் கக்கிட்டு வெள்ளையாயிரும். கக்கிட்டா முடிஞ்சது."

"கக்கிடும்" என்ற சொல் தங்கப்பழம் காதில் விழுந்தது. அன்று மாலையே உறவின்முறை தவசிலிங்கம் வீட்டு முன்னறையில் கூடியது.

"அஞ்சு மாசமா ஊர் வயிற்றெரிச்சல் மொத்தத்தையும் தின்னு வச்சிருக்கு" என்றார் தங்கப்பழம். "அத்தனையும் ஒரே நாள்ல வெளிய வந்தா எவன்யா தாங்குறது? அண்ணன் தம்பி வெட்டிக்கிட்டுச் சாவான். எப்படியாவது இதுக்கு ஒரு வாய் தீனி பாக்கணும்."

"ஊருல இன்னும் எரியிற வயிறு ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு" என்றாள் ஜெயசோதி. எல்லாரும் தவசிலிங்கத்தைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான் எங்கல்லைப் பார்த்து எப்படிம்மா வயிறெரியிறது?" என்றார் தவசிலிங்கம்.

நியாயம்தான் என்று எல்லாரும் தலையாட்டினார்கள். அப்போது அடுப்படி வாசலில் நின்றிருந்த ஞானவடிவு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே, "தொட்டியத் தூக்கி எங்கண்ணன் வீட்டுல வச்சிட்டா எரியும்ல?" என்றாள்.

அது சரியான யோசனை என்பது எல்லாருக்கும் தெரிந்தது. அருஞ்சுனை வீட்டுக் கூடத்தில் அந்தத் தொட்டி இருந்து, வாசலில் நின்று தவசிலிங்கம் அதை ஒரு பார்வை பார்த்தால், இருபத்தாறு வருஷத்துச் சரக்கு இறங்கும். கல்லுக்குப் பத்து வருஷத்துக்குச் சாப்பாடு.

"எனக்கெதுக்கும்மா?" என்றார் அருஞ்சுனை இரக்கமாக. "மாப்ளைக்கு மனசு கஷ்டப்படும்."

அந்த வார்த்தைக்குத் தவசிலிங்கம் வயிறு எரிந்த எரிச்சலில் ஒரு பட்டறைக்கே சாயம் காய்ச்சியிருக்கலாம். சொந்தக் கல் என்பதால் அவ்வளவும் வீணாகப் போயிற்று.

அவர் யோசித்தார். தொட்டியைக் கொடுத்தால் கல் பிழைக்கும், ஊர் பிழைக்கும், தன் வயிறு ஒரு நொடியில் ஆறிவிடும். அப்புறம் காலையில் எழுந்து எதை நினைத்துக்கொண்டு பல் விளக்குவது? அருஞ்சுனை வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து "நல்லா இருக்கு மச்சான்" என்று சொல்லிக்கொண்டு மிச்ச நாளை ஓட்டுவதா? கொடுக்காவிட்டால் கல் கக்கும். கக்கினால் அருஞ்சுனையிடம் தின்றது அருஞ்சுனைக்கே திரும்பும். அந்த முகம் சுண்டும். இந்தத் தடவை தடுக்க ஒன்றும் குறுக்கே இருக்காது.

"தர மாட்டேன்" என்றார் தவசிலிங்கம்.

"ஏங்க, ஊருக்காக" என்றாள் ஞானவடிவு.

"சிரிச்சது இந்த ஊருதான?"

மூன்று நாள் அவர் அந்த நாற்காலியை விட்டு எழவில்லை. அருஞ்சுனையையும் எதிர் நாற்காலியில் உட்காரவைத்துக்கொண்டார். அருஞ்சுனை இருந்த நல்ல மனசுக்கு, ஏன் என்று கேட்காமல் உட்கார்ந்திருந்தார். ஊர் வாசலில் நின்றது. மூன்றாம் நாள் மத்தியானம், ரசம் சாதம் சாப்பிடுகிற நேரத்தில், மூளை கல் கடைசியாக ஒருமுறை சிவந்து, சுண்ணாம்பாக வெளுத்தது. ஆறு கல்லும் ஒரே மூச்சில் கக்கின. பட்டறைக்குப் பின்னால் ஓடுகிற சாக்கடை நிறத்தில் தொட்டித் தண்ணீர் மாறியது. அடிப்பிடித்த பால் நாற்றம் அடித்தது. தின்ற எரிச்சல் மூடியைத் தூக்கிக்கொண்டு புகையாகக் கிளம்பி, கதவு வழியாகவும் ஜன்னல் வழியாகவும் தெருவுக்கு இறங்கி, அவரவர் வயிற்றைத் தேடிக்கொண்டு போயிற்று.

ஆனால் அலை அடிக்கிற மோட்டார் ஐந்து மாதமாக நிற்காமல் கலக்கியிருந்தது. எது யாருடையது என்று எரிச்சலுக்கே அடையாளம் தெரியவில்லை. கிடைத்த வயிற்றில் ஏறிக்கொண்டது.

வாசலில் நின்ற தங்கப்பழம் திடீரென்று மார்பில் அடித்துக்கொண்டு, "எனக்கு ஒருத்தன் ஒரு கோழிக்குஞ்சு வாங்கித் தந்தானா? கேட்டுக் கேட்டு வாய் வலிச்சதே!" என்று கதறினார். ஜெயசோதியோ இடுப்பில் கைவைத்து, "எத்தனை வருஷத்துக்குய்யா மேடையில தலைவரே உக்காந்திருப்பாரு? மைக்கை எங்கிட்ட எப்பத் தருவீங்க?" என்று நின்றாள். பூசணி வியாபாரி யாரோ ஒருத்தியின் நீளக் கூந்தலை நினைத்து வழுக்கையைத் தடவித் தடவி அழுதார். வெட்டு குத்து ஒன்றும் நடக்கவில்லை. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் ஊர் முழுக்க அலைந்துகொண்டிருந்தது.

தவசிலிங்கம் எதையும் பார்க்கவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்தது அருஞ்சுனையின் முகம். அது சுண்டியது! மூக்குக்குக் கீழே சதை துடித்தது, கன்னம் ஒட்டியது, உதடு கறுத்தது. தவசிலிங்கம் எழுந்து அவர் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் தன் முகத்தை வைத்தார்.

"சொல்லுங்க மச்சான். எதைப் பார்த்து எரியுது? எதைப் பார்த்து?"

"கோட்டைப்பட்டில ஒருத்தன்" என்றார் அருஞ்சுனை, பல்லைக் கடித்துக்கொண்டு. "செவலைக் காளை ஒண்ணு வச்சிருக்கானாம் மாப்ளே. நெத்தில வெள்ளைச் சுட்டி. அவனுக்கு எதுக்குய்யா அது? அவன் மூஞ்சிக்கு அது எதுக்கு?" துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கோட்டைப்பட்டி பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

யாரோ ஒரு கோட்டைப்பட்டிக்காரனுடைய எரிச்சல். அப்படியானால் அருஞ்சுனையுடையது எங்கே என்று தவசிலிங்கம் திகைத்து நின்றபோது, எல்லாம் போன பிறகு தொட்டியிலிருந்து மெல்லிசாக ஒரு இழை எழும்பி, வேறு வயிறு கிடைக்காமல், அவர் வயிற்றுக்குள் புகுந்தது. அதில் இரும்புத் துரு வாடை அடித்தது. அருஞ்சுனையின் கடை வாடை. சந்தேகமே இல்லை, அவருடையதுதான். அவரும் வயிறெரிந்திருக்கிறார். உள்ளே வந்ததைத் தொட்டுப் பார்த்தால் அது நேற்று முந்தாநாள் எரிச்சலாக இல்லை, பழசு, காய்ச்சிக் காய்ச்சிக் கெட்டியாகிப்போன பழசு. ஆனால் எதைப் பார்த்து எரிந்தது என்றுதான் தெரியவில்லை.

கண்டுபிடித்துவிடுவது என்று தவசிலிங்கம் வெளியே இறங்கினார். தன் மாடியை அண்ணாந்து பார்த்தார். வயிறு சும்மா இருந்தது. ஜவுளிக்கடை, பஸ் ஸ்டாண்டு, வடக்குத்தெரு வீடுகள், எதற்கும் அசையவில்லை. காசிப் பயணத்தை நினைத்துப் பார்த்தார், டி.வி.யை நினைத்துப் பார்த்தார், ஒன்றுமில்லை. அருஞ்சுனை வீட்டு வழியாகவும் போனார். அந்த வீட்டில் அருஞ்சுனை வந்தாலும் சரி போனாலும் சரி, ஆடுகளைத் தவிர ஒருவரும் தலைதூக்கிப் பார்ப்பதில்லை என்பது ஊருக்கே தெரிந்த விஷயம். இப்போதும் அவர் கோட்டைப்பட்டிக்குப் போய்விட்டது வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

கால் ஓய்ந்து தன் வீட்டுக்குத் திரும்பி, படியில் செருப்பைக் கழற்றினார். உள்ளே, அடுப்படியில், இந்தப்பக்கம் முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்த ஞானவடிவு, செருப்பு விழுந்த சத்தத்துக்கே, திரும்பிப் பார்க்காமல், "வந்தாச்சா?" என்றாள்.

தவசிலிங்கத்தின் வயிறு குப்பென்று பற்றிக்கொண்டது.

இந்தச் சத்தம் நாற்பது வருஷமாக இந்த வீட்டில் கேட்கிற சத்தம். அவர் காதில் விழுந்ததே இல்லை. முன்னறை நாற்காலியில் வெற்றிலை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அருஞ்சுனை காதில் விழுந்திருக்கிறது, ஒவ்வொரு தடவையும். ஆக, ஜெயித்தாயிற்று. கடிகாரத்துக்கு முன்னாலேயே ஜெயித்தாயிற்று. சந்தோஷப்பட வேண்டும் என்று தவசிலிங்கம் நினைத்தார், சந்தோஷம் வைக்க வயிற்றில் இடம் இல்லை.

மறுபடி செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் நாலடி நடந்தார். திரும்பி வந்தார். படியில் செருப்பைக் கழற்றினார்.

"வந்தாச்சா?"

இப்படி ஒரு குரல் எவனுக்கோ வாய்த்திருக்கிறதே, அந்தப் பயல் யார், அவன் மூஞ்சிக்கு இது எதுக்கு என்று பல்லைக் கடித்துக்கொண்டு, தவசிலிங்கம் தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார்.